விரலுக்கு ஏறாத மரை

நேற்று மதியம் என் மகளுக்கு வாங்கிய சைக்கிள் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வந்து இறங்கியது. இப்போதெல்லாம் பாதிச் சைக்கிளைத்தான் பூட்டி அனுப்புகிறார்கள். ஹேண்டில்பார் தனி, முன்சக்கரம் தனி, சீட்டு தனி. பெட்டியின் அடியில் ஒரு பாலிதீன் பைக்குள் இரண்டு பெடல்கள் கிடந்தன. இடது எது, வலது எது என்று ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பையைப் பிரித்ததும் புது கிரீஸ் வாடை குப்பென்று அடித்தது. என் வீட்டுக்காரர் கையில் அகப்பட்ட பெடலை எடுத்து, ஸ்டிக்கரைப் பார்க்காமலேயே, பெடலைத் தாங்கும் கிராங்குக் கம்பியின் துளையில் வைத்துக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"வெரலுக்கு ஏறாததை ஸ்பேனருக்குக் குடுக்காதீக" என்றேன்.

இத்தனை வருசக் குடும்பத்தில் நான் அவர் கையைத் தட்டியது இதுதான் முதல் தடவை என்று மகளிடம் புகார் சொன்னார். பொய். பிரியாணிச் சட்டியில் கை வைத்தபோதெல்லாம் தட்டியிருக்கிறேன். ஆனால் நான் சொன்ன அந்த வார்த்தை என்னுடையது இல்லை, உன்னுடையது என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. என் வாய்க்குள் நீ இப்படி உட்கார்ந்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பெடலைப் பூட்டிவிட்டு மற்றதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திருத்தங்கலில் அந்தக் காலண்டர் பிரஸ்ஸில் நீயும் நானும் ஒரே மேசையின் இரண்டு பக்கம். தினசரிக் காலண்டரின் தாள்களை வரிசை பிசகாமல் அடுக்கி, தட்டி, அட்டையில் பின் அடிப்பதற்குக் கொடுக்க வேண்டும். நான் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவேன். என்னைப் பெத்த அத்தாவின் வத்தல் கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு என்பதால் என் சேலை, தலைமுடி, டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் மிளகாய் வத்தல் நெடி. "நீ வந்து உக்காந்தா எனக்குத் தாளிப்புப் போட்ட மாதிரி இருக்கு, ஏட்டி மைமூன்" என்று நீ தும்மிக்கொண்டே சொல்வாய். நீ நாரணாபுரத்திலிருந்து சைக்கிளில் வருவாய். சிவகாசிக்குள் நுழைந்து, வெடி லோடு லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே புகுந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்வாய். வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து இடது பெடலைத் தொட்டுப் பார்ப்பாய். குதிரைக்காரன் குதிரையைத் தட்டிக்கொடுப்பது மாதிரி இருக்கும்.

உன் சைக்கிள் இடது பெடலால்தான் ஓடியது. கைக்குழந்தையில் வந்த காய்ச்சலில் உன் வலது கால் சூம்பிப் போயிருந்தது. உன் அப்பா உயிரோடு இருந்தபோது உனக்கென்று ஒரு லேடீஸ் சைக்கிளை வாங்கி, வலது காலை வைத்துக்கொள்ள பிரேமில் ஒரு தாங்கியைப் பற்றவைத்திருந்தார். இடது பெடலில் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு வார் கட்டியிருந்தார். மிதித்த காலே மேலேயும் இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை கிராங்கில். பெரிய சைக்கிளின் நீளக் கிராங்கைப் போட்டால் பெடல் உச்சிக்குப் போகும்போது ஒற்றைக் காலால் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். ஆகவே எங்கோ உடைத்துப் போட்ட சின்னப் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து குட்டைக் கிராங்குகளைத் தேடிப் பிடித்துக் காட்டர் பின் என்ற ஆப்பு அடித்து மாட்டியிருந்தார். அதன் துளையும் சின்னது. சின்னப் பெடல்தான் ஏறும். வலது பெடல் சும்மா சுற்றும். "அதை எதுக்கு வச்சிருக்க?" என்று கேட்டதற்கு, "ஒத்தக் காதுல மட்டும் கம்மல் போட்டா நல்லாவா இருக்கும்?" என்றாய்.

அப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரியவர் உன் அண்ணன். சிவகாசியில் வேறொரு பிரஸ்ஸில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவர். கெட்டவர் இல்லை. ஆனால் நீ ரோட்டில் போவதை நினைத்தாலே அவருக்குப் பயம். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். "சைக்கிளு ஓடுற மட்டுக்கும் போ. என்னைக்கு அது நிக்குதோ அன்னைக்கு நீயும் வீட்டுல இருந்துக்க. பஸ்ஸுப் படியில நீ தொங்கிக்கிட்டுப் போறதை நான் பாக்க முடியாது." இதை அவர் பண்டிகை, தேதி பார்க்காமல் சொல்வார். நீ தலையாட்டுவாய். அந்தச் சைக்கிள் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் உன் பதில்.

அந்த வருசம் ஆயுத பூஜை முடிந்து வேலைக்குத் திரும்பிய காலை. தீபாவளிக்கான பட்டாசு லேபிள் வேலையெல்லாம் ஓய்ந்து காலண்டர் சீசன் சூடுபிடித்திருந்த நேரம். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது நீ பிரஸ் கேட்டுக்கு வெளியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தாய். ஒரு கையில் இடப்பக்கத்துப் பெடல், வாரோடு தொங்கியது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, அண்ணன் என் சைக்கிளுக்குப் பொட்டு வச்சிருச்சு!"

ஹேண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. எத்தனையோ ஆயுத பூஜை வந்து போயிருக்கிறது. அண்ணன் தன் சைக்கிளுக்கு வைப்பார், மெஷினுக்கு வைப்பார், வீட்டு அரிவாள்மனைக்குக்கூட வைப்பார். உன் சைக்கிளுக்கு மட்டும் வைத்ததில்லை. அது வேலைக்கான ஆயுதம் என்று அவர் ஒத்துக்கொண்டதே அப்போதுதான். அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நீ கையிலிருந்த பெடலைக் காட்டினாய். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் காலோடு கழன்று வந்துவிட்டதாம். விழாமல் தப்பியது உன் அதிர்ஷ்டம்.

பிரஸ்ஸில் பூஜைக்கு ரோலரை எப்படிக் கழுவுவார்களோ அப்படியே உன் சைக்கிளையும் கழுவியிருக்கிறார் அண்ணன். கழற்ற முடிந்ததையெல்லாம், பெடலின் வாரையும்கூட, கழற்றி ஒரே பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, பூட்டியிருக்கிறார். ஊறியதில் இரண்டு பெடலும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு. இடதை வலதிலும் வலதை இடதிலும் வைத்து, வாரை இடப்பக்கம் வந்த பெடலில் கட்டிவிட்டார். ஏற மறுத்ததும், தங்கச்சி சைக்கிள் லேசில் கழன்றுவிடக் கூடாதே என்று, ஸ்பேனரின் பிடியில் நீளமான இரும்புப் பைப்பைச் சொருகி அழுத்தித் திருகியிருக்கிறார். உள்ளே பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்த உனக்கு ஏதோ கிரீச்சிடும் சத்தம் கேட்டதாம். அண்ணன் வேலை செய்கிற சத்தம் என்று சந்தோசமாக இருந்துவிட்டாய்.

எனக்கு அன்றுவரை தெரியாத ஒன்றை நீ பிரஸ் கேட்டில் நின்றுதான் சொன்னாய். வலது பெடலின் மரை எல்லா நட்டையும்போல வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடது பெடலுக்கு எதிர்மரை, இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். அது இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடும். "ரெண்டையும் முன்சக்கரத்தைப் பாத்துச் சுத்துனா இறுகும், பின்சக்கரத்தைப் பாத்துச் சுத்துனா கழலும். அம்புட்டுதான்." பெடலைத் திருப்பிக் காட்டினாய். மரையின் பள்ளங்களுக்குள் இரும்புச் சீவல் மினுமினுத்தது. கிராங்கின் துளை உள்ளே மழுங்கிப்போய்க் கிடந்தது. "அண்ணன் மொதல்ல வெரலால வச்சுத் திருகியிருந்தா, இது என் எடமில்லன்னு பெடலே சொல்லியிருக்கும். வெரலுக்கு ஏறாததை ஸ்பேனருக்குக் குடுக்கக் கூடாது ஏட்டி."

எனக்கு வேறு மாதிரிதான் புத்தி போனது. நான் ஊசிப்பட்டாசு; பற்றவைக்கவே வேண்டாம், முறைத்தாலே வெடிப்பேன். "உங்கண்ணன் மெஷின் ஓட்டுறவுக. அவுகளுக்கு எதிர்மரை தெரியாதாக்கும்? சைக்கிளு நின்னா வீட்டுல இருன்னு சொன்னவுக, வேணும்னே நிப்பாட்டிட்டாக" என்றேன்.

நீ என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு நாள்தான். "பொட்டு வச்ச கையி அது. வாயைக் கழுவு."

"அப்ப நான் வந்து நேருக்கு நேரா கேக்கேன்."

"கேட்டு? சைக்கிளு நின்னுருச்சுன்னு நாமளே போயிச் சொல்லவா? அதுகூடப் போகட்டும். தான் கெடுத்துட்டோம்னு அண்ணனுக்குத் தெரிஞ்சுதுன்னு வையி, அடுத்த வருசம் என் சைக்கிளைத் தொடாது. பொட்டும் வைக்காது." பெடலை என் கையில் வைத்து அழுத்தினாய். "உனக்குந்தான் சொன்னேன். வெரலுக்கு ஏறாததை ஸ்பேனருக்குக் குடுக்காத."

மழை நமக்குக் கைகொடுத்தது. "மழையா இருக்கு, சைக்கிளைக் கம்பெனியிலேயே விட்டுட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு நீ பஸ்ஸில் போய் வந்தாய். உன்னை ஏற்றிவிட்டுத்தான் நான் என் பஸ்ஸைப் பிடிப்பேன். படியில் இடது காலை வைத்து, வலது தொடையைக் கையால் தூக்கி மேலே வைப்பாய். பின்னால் நிற்கிற கூட்டம் "சீக்கிரம் ஏறுத்தா" என்று இடிக்கும். நான் திரும்பி நின்று அந்தக் கூட்டத்தோடு சண்டை போடுவேன். அண்ணன் பார்க்க முடியாது என்று சொன்னது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்ததற்காக அவர் மேல் இன்னும் கோபம் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடை கடையாக ஏறினோம். குட்டைக் கிராங்கு எங்குமே இல்லை. "இப்ப வர்ற சின்ன சைக்கிள்ல ரெண்டு கிராங்கும் ஒரே கம்பியா வளைஞ்சு வருதும்மா. காட்டர் பின் போடுற சின்னக் கிராங்கு எவன் போடுதான்? பேசாம பெரிசைப் போட்டு ஓட்டு" என்றார் ஒருவர். அவர் மனசு நோகக் கூடாதென்று நீ அங்கேயே பெரிய கிராங்கை மாட்டச் சொல்லி ஏறி மிதித்தாய். பெடல் உச்சியில் போய் நின்றுவிட்டது. முழங்கால் நெஞ்சை முட்ட, கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நீ அப்படியே உட்கார்ந்திருந்தாய். பெரிதாகச் சிரித்தாய். கண் மட்டும் சிரிக்கவில்லை. சீசன் நேரத்தில் ஆள் நின்றால் மேசையில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

விருதுநகர் பஜாரில் மூட்டை ஏற்றும் லோடு சைக்கிள்களைப் பார்க்கிற லேத்துப் பட்டறை ஒன்று உண்டு என்று அத்தாதான் சொன்னார். கிராங்கைக் கழற்றி உன் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாய். உன் பையில் இரும்பும் என் உடம்பில் வத்தலும் மணக்க, பஸ்ஸில் நம் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பட்டறை அண்ணாச்சி துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தார்.

"எவன் திருகுனது இது? கிராங்கா, மென்னு துப்புன கரும்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் காலை மிதித்தாய். "நாந்தான் அண்ணாச்சி. தெரியாமத் திருகிட்டேன்" என்றாய். உன் ஒற்றைக் காலுக்கு எவ்வளவு பலம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் ஒரு வழி சொன்னார். கெட்ட மரையைச் சரிசெய்ய முடியாது. துளையையே கொஞ்சம் பெரிதாக்கி, பெரிய சைக்கிள் பெடலின் அளவுக்குப் புதிதாக எதிர்மரை வெட்டலாம். ஆனால் அது சின்னக் கிராங்கு, துளையைச் சுற்றிக் கனம் போதாது. "கீறல் விட்டுச்சுன்னா கிராங்கையே தூக்கிப் போட வேண்டியதுதான். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது. யோசிச்சுச் சொல்லு தாயி."

இன்னொரு குட்டைக் கிராங்கு கிடைக்காது என்பது நமக்குத் தெரியும். கீறல் விட்டால் அண்ணன் சொன்ன நாள் வந்துவிடும். நான் "நாளைக்குச் சொல்லுவோம்" என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ அந்தக் கிராங்கைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாய். உன் அப்பா தேடி எடுத்துவந்தது. பிறகு அவரிடமே திருப்பிக் கொடுத்தாய். "போடுங்க அண்ணாச்சி."

டிரில் இறங்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ மூடவில்லை. மரை வெட்டும் டேப்பை அவர் எடுத்துத் துளையில் வைத்ததும், "அண்ணாச்சி, அது எடதுதான?" என்றாய். அவர் நிமிர்ந்து பார்த்து, முனகிக்கொண்டே டேப்பை மாற்றினார். எண்ணெய் விட்டு, கொஞ்சம் முன்னே திருகி, சீவலை உடைக்கக் கொஞ்சம் பின்னே திருகி, மறுபடி முன்னே. அந்த வேலை முடிவதற்குள் அங்கே நின்றவர்களுக்கெல்லாம் டீ வந்து ஆறிப்போனது. கடைசியில் கிராங்கைத் துடைத்து, நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை.

பட்டறையிலிருந்த பெரிய சைக்கிளின் இடது பெடலையும் ஸ்பேனரையும் சேர்த்து நீட்டினார். நீ ஸ்பேனரை வாங்கவில்லை. பெடலை மட்டும் வாங்கி, துளையில் வைத்து, இரண்டு விரலால் முன்பக்கம் பார்த்துச் சுற்றினாய். அது வெண்ணெயில் இறங்குவதுபோல ஏறியது. கடைசிச் சுற்றுவரை விரலிலேயே ஏறியது. நான் அந்தப் பட்டறையில் எல்லார் முன்னாலும் அழுதேன். "கிராங்கு உன்னுதா, அந்தப் புள்ளையுதா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

மறுநாள் பிரஸ்ஸில் காட்டர் பின் அடித்து மாட்டினோம். வலது துளையும் கெட்டு அதில் பெடல் நிற்கவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். அது உனக்குத் தேவையும் இல்லை. ஒற்றைக் கம்மலோடு நீ வீட்டுக்கு ஓட்டிப் போனாய். அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மழை விட்டுருச்சா?" என்று மட்டும் கேட்டாராம்.

"ஒரு பக்கம் பெடலே இல்ல புள்ள, அதுகூடவா தெரியல?"

"அண்ணனுக்குக் கண்ணு மெஷின்ல மட்டுந்தான்" என்றாய். ஆம்பளைகளின் பார்வையை வைத்து அந்தச் சீசன் முழுக்க நாம் சிரித்தோம்.

அதன் பிறகு உனக்குச் சின்னப் பெடலைத் தேடும் வேலையே இல்லாமல் போனது. தேய்ந்தால் எந்தக் கடையில் நின்று கேட்டாலும் பெடல் கிடைத்தது. அண்ணனும் வேலையை விடச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஆயுத பூஜை தவறாமல் பொட்டும் வைத்தார். "பாத்தியா, கேக்காம இருந்ததுக்குப் பலன்" என்பாய். நான் கல்யாணமாகிப் பிரஸ்ஸை விட்ட பிறகு நீ அந்த மேசைக்கே பொறுப்பாளராக ஆனாய். போனில் பேசும்போதெல்லாம் சைக்கிளும் சௌக்கியம் என்று சேர்த்துச் சொல்வாய். மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டு நான் பார்க்க வந்தபோது நீ கண்ணைத் திறக்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "சாப்பிட்டியாம்மா?" என்றார். சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று சொன்னார்.

"அன்னைக்கே பாத்துட்டேன் மைமூனு. அவ சைக்கிளை நிறுத்திட்டு உள்ள போனா. எடது பக்கம் பெரிய சைக்கிளு பெடலு, வலது பக்கம் மொட்டை. நான் பண்ணுன வேலை எனக்குத் தெரியாதா? பைப்பைப் போட்டுல்ல திருகுனேன்."

அவர் முகத்தைப் பார்த்த பிறகு வேணுமென்றே செய்தீர்களா என்று நான் கேட்கவில்லை. சந்தேகப்பட்டதற்காக நான் வருத்தப்படவுமில்லை. உனக்காகச் சந்தேகப்பட ஒருத்தியாவது வேண்டும். "ஏண்ணே அவகிட்டக் கேக்கல?" என்று மட்டும் கேட்டேன்.

"கேட்டா இல்லம்பா. எனக்காகப் பொய் சொல்லுவா. எதுக்கு அவளைச் சொல்ல வைக்கணும்?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்பறம் வேலைய விடுன்னு நான் சொன்னேனா, நீயே சொல்லு. நான் கெடுத்தே நிக்காதவ, நான் சொல்லியா நிக்கப் போறா?"

அதற்கு மேல் அவரை நான் திருகவில்லை. நீ என்னிடம் விட்டுப்போன புத்தி அதுதான். என் மகள் கதவைச் சாத்திக்கொண்டால் தட்டிப் பார்ப்பேன். திறக்காவிட்டால் அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்த ஊசிப்பட்டாசு இப்போது அவ்வளவு சீக்கிரம் வெடிப்பதில்லை. நேற்று இடது பெடலை மடியிலிருந்து எடுத்து இரண்டு விரலால் முன்பக்கம் பார்த்துச் சுற்றினேன். கடைசிவரை ஏறியது. மகள் ஏறிக்கொண்டு தெருவைத் திரும்பிப் போய்விட்டாள். விரலில் கிரீஸ் இன்னும் போகவில்லை, அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்றே ஒன்று. அண்ணனுக்குத் தெரிந்தால் மறு வருசம் பொட்டு வைக்க மாட்டார் என்று பயந்தாயே. அவருக்கு அன்றைக்கே தெரியும் புள்ள. தெரிந்துதான் வைத்தார், ஒவ்வொரு வருசமும்.